எழுதி வைக்காத ஓடைகள்

புவான் பரமேஸ்வரி இறந்த செய்தி வந்தபோது நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். அஞ்சலி எழுதுகிறவன் இதைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் மறைத்து எழுத எனக்கு வராது. திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்து ஓரத்தில் சேற்றில் நின்றுகொண்டு, தோட்டக்காரர் ஒருவருக்கு, அவருடைய மேட்டிலிருந்து சரிந்த மண் ஆற்றை எப்படி அடைத்திருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, லோரியில் முட்டைக்கோஸ் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. புவானின் எண். மூன்று நாளாக நான் திரும்பத் திரும்ப அழைத்தும் அவர் எடுக்காத எண். இப்போதாவது மனது வந்ததே என்று எடுத்தேன். பேசியவர் அவருடைய கணவர். நெஞ்சு வலி என்று மூன்று நாளாக ஈப்போ மருத்துவமனையில் இருந்தாராம். அன்று காலையில் போய்விட்டாராம்.

இன்னா லில்லாஹி என்று சொன்னேன். முந்தின நாள் மாலை நான் அவர் போனில் ஒரு குரல் செய்தி விட்டிருந்தேன். நீங்கள் ஓய்வு பெற்றால் ஓடைகளும் ஓய்வு பெற்றுவிடுமா என்று தொடங்கி இன்னும் என்னென்னவோ சொல்லியிருந்தேன். அதை அவர் கேட்டாரா என்று அவர் கணவரிடம் கேட்கும் துணிச்சல் இன்று வரைக்கும் எனக்கு வரவில்லை.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர் யாராவது படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று சில வரிகள். இந்த மலைப்பகுதியில் காட்டு விலங்குகளும் ஆற்று மீன்களும் வாழும் இடங்களைக் காக்கும் குழுவுக்குப் புவான் பதினொரு ஆண்டுகள் தலைவராக இருந்தார். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அவர் அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். நான் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகன், புவானைவிட இரண்டு வயது இளையவன், அவருக்குத் துணை அதிகாரி. நாங்கள் அவரை மலாய் மரியாதைப்படி புவான் என்போம், அவர் என்னைப் பாய் என்பார். பதினொரு ஆண்டுகளில் நாங்கள் சண்டை போடாத வாரம் ஒன்று இருந்ததாக நினைவில்லை. எட்டு மாதம் முன்பு அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் கோபத்துக்குக் காரணம் ஒரு விண்ணப்பம். தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே இறங்கும் ஒரு பள்ளத்தின் குறுக்கே, மேலே புதிதாகப் பண்ணை போடுகிறவர்கள் லோரி போகச் சாலை வெட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்த கெடு பதினான்கு நாள். அங்கே காக்கவேண்டியது எதுவும் இருக்கிறதா என்று படத்தோடும் இடக்குறிப்போடும் பதில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பள்ளத்து ஓடையில் தெங்காஸ் மீன் முட்டையிடுகிறது என்று எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. ஓடை மேலே மூன்றாகப் பிரிகிறது. மூன்றிலும் ஏறி இறங்கினேன். மழைக்காலம் வேறு. ஒன்றும் கிடைக்கவில்லை. சரளைக்கல் தெளிவாகக் கிடக்கிற ஆழமில்லாத ஓட்டத்தில்தான் அது முட்டையிடும். அந்தக் கல்மேல் சாலை மண் படிந்தால் முட்டைக்கு மூச்சு நின்றுவிடும். இடம் தெரிந்தவர் புவான் ஒருவர்தான். பதினொரு ஆண்டுகளாக அவர் எந்த இடத்தையும் எந்தக் கோப்பிலும் எழுத விடவில்லை.

ஏன் விடவில்லை என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவர் குழுவை நடத்திய விதத்தைச் சொல்லவேண்டும். மற்ற அலுவலகங்களில் கூட்டம் என்றால் நாற்காலி, பிஸ்கட், திரையில் படம். எங்களுக்குப் பெரட்டு. தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதேதான். ஆறரை மணிக்குச் சாமான் அறைக்கு வெளியே, பனியில், எட்டுப் பேரும் நிற்கவேண்டும். மலாய்க்காரர், செமாய் பழங்குடியினர், தமிழர் என்று எல்லோரும் ஒரே வரிசை. நேற்று கண்டதை ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தில் சொல்லவேண்டும். அரசாங்க அதிகாரிகளைக் கூலியாள் மாதிரி நிறுத்துகிறீர்களே என்று முதல் வாரமே சண்டைக்குப் போனேன். "உக்காந்தா பொய் வரும் பாய். நின்னு சொல்லட்டும்" என்றார். கடைசியாகத் தண்ணீர் எப்படி என்று கேட்பார். ஒவ்வொருவரும் தெளிவு அல்லது கலங்கல் என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். அவரவர் நேற்றுப் போன பக்கத்து ஆற்றைச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழுவைக் காப்பாற்றுவதே அவருக்குப் பாதி வேலை. ஒரு முறை ரப்பர் பூட்ஸ் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதி, ஒரு வருடம் காத்திருந்து, ஒரு பெட்டி வந்தது. பத்துச் சோடி. அத்தனையும் ஒரே அளவு, யானைக்குத்தான் பொருந்தும். எங்கள் ஆட்கள் அதைப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி ஒரு நாள் நடந்து காட்டினார்கள். நான் மேசையைத் தட்டி, தொலைபேசியில் யாரையோ திட்டி, ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டேன். புவான் மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பூட்ஸ் கிடைத்தது, நன்றி, இந்த அளவுக் கால் உள்ள பத்துப் பேரையும் அனுப்பி வைத்தால் வேலை தொடங்க வசதியாக இருக்கும் என்று. அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒரே வாரத்தில் சரியான பூட்ஸ் வந்தது. சரிந்த மண், வெட்டிய காடு, செத்த மீன் பற்றி அவர் எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களுக்குப் 'பெற்றுக்கொண்டோம்' என்ற ஒரு வரிக்கு மேல் வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

தாப்பிர் வந்த நாள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமாக, மூக்கு கொஞ்சம் நீண்ட அந்த விலங்கு, காட்டிலிருந்து தேயிலைக்குள் குட்டியோடு இறங்கிவிட்டது. வழக்கமாக அது போகிற வழியை மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட பண்ணைகள் அடைத்துவிட்டன. மறுநாள் அதே மலையில் கொழுந்து வெட்டும் முறை. இயந்திரச் சத்தத்தில் தாய் மிரண்டு ஓடினால் குட்டி நின்றுவிடும். நான் நேராகத் துரையிடம் போய்ச் சட்டப்பிரிவுகளை அடுக்கினேன். தோட்டத்தில் இன்றும் மானேஜர் துரைதான். அவர் யோசிப்பதாகச் சொல்லி எனக்கு நல்ல தேநீர் கொடுத்து அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது புவான் கிராணியின் ஜன்னலோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் எந்தத் தொழிலாளர் கும்பல் எந்த மலைக்கு என்று பட்டியல் போடுகிற எழுத்தர்தான் கிராணி. அன்று சாயங்காலமே கும்பல் வேறு மலைக்கு மாறியது, மேலே போகும் பாதை வழுக்குகிறது என்ற காரணத்தோடு. நான்கு நாளில் தாப்பிர் குட்டியோடு காட்டுக்குள் போய்விட்டது. "துரைகிட்ட அனுமதி கேளுங்க. கிராணிகிட்ட வேலையைக் கேளுங்க" என்றார் புவான். எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுத்தில் ஒன்றும் இல்லையே, அடுத்த முறை வேறு கிராணி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அடுத்த முறை அவரையும் பார்க்கலாம் லா என்றார்.

இதுதான் எங்கள் இருவருக்கும் நடுவே கடைசி வரை இருந்த சண்டை. நான் எழுத்தை நம்புகிறவன். ஒரு விஷயம் கோப்பில் இருந்தால்தான் அது இருக்கிறது என்று பொருள். ஆள் மாறலாம், சாகலாம், கோப்பு இருக்கும். அவர் ஆளை நம்புகிறவர். இரண்டில் எது சரி என்று இன்று என்னிடம் கேட்டால் என் பக்கம்தான் சொல்வேன். ஆனால் பலகை விஷயத்தை மறைத்துவிட்டு அப்படிச் சொன்னால் அது நியாயமில்லை.

பலகை என் யோசனை. புவான் தலைவராக வந்த முதல் வருடம், தோட்டத்துக்குக் கீழே பாலத்தருகே ஒரு ஓடையில் தெங்காஸ் கூட்டம் கூட்டமாக முட்டையிட வருவதைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தோம் என்ன, மருந்தடிக்கிற ஆட்கள் புவானிடம் சொன்னார்கள். இதை உடனே அறிவிக்கவேண்டும் என்று நான் குதித்தேன். மஞ்சள் வண்ணத்தில், மூன்று மொழியில், இது மீன் முட்டையிடும் இடம், இங்கே மீன் பிடிக்கத் தடை என்று நான்கு பலகைகள். தமிழை நானே நான்கு முறை திருத்தினேன். மலாயில் தண்டம் எவ்வளவு என்றுகூடப் பெரிய எழுத்தில் போட்டோம். புவான் கொஞ்சம் தயங்கினார். எழுதி வைக்காமல் எப்படிக் காப்பது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பலகைக்குக் கீழே ஐந்து மோட்டார் சைக்கிள்கள். தலைக்கவசங்களைப் பலகையின் முனையிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். கீழே ஊரிலிருந்து வலையோடு வந்தவர்கள். இத்தனை வருடம் அந்த வழியாகப் போனவர்கள்தான், அங்கே மீன் இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் மூன்று மொழியில் சொல்லிக் கொடுத்திருந்தோம். நான் கத்தினேன், அடையாள அட்டையைக் காட்டினேன், வண்டி எண்களைக் குறித்துக்கொண்டேன். அவர்கள் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் அதற்குள் மடு காலியாகிவிட்டிருந்தது. முட்டையோடு இருந்த மீன்கள் ஐஸ் பெட்டியில் கிடந்தன. அந்த ஓடைக்கு மறுவருடமும் அதற்கு அடுத்த வருடமும் தெங்காஸ் வரவில்லை.

திங்கட்கிழமை புவான் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து பலகைகளைத் தானே கழற்றினார். நான் பக்கத்தில் நின்று திருகாணிகளை வாங்கிக்கொண்டேன். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. குழுவுக்கு முன்னால் இது நாம எல்லாரும் சேந்து பண்ண தப்பு என்று சொன்னார். அது பொய் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. எந்த முட்டையிடும் இடமும் எழுத்தில் வரக்கூடாது. அறிக்கையில் 'மேல் ஓடைகள்' என்று மட்டும் போடவேண்டும். மேலிடத்துக்குப் போகும் கோப்பில்கூட வேண்டாமா என்று கேட்டேன். "ஃபைலு ஏழு மேசை ஏறி எறங்குது பாய். ஏழு மேசையிலயும் ஒருத்தனுக்கு மச்சான் இருக்கான். அந்த மச்சான்கிட்ட ஒரு தூண்டி இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வருடா வருடம் இதே வாக்குவாதம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். கேட்கக்கூடாத கேள்விதான். அதெல்லாம் பாத்துக்கலாம் பாய் என்பார். ஓய்வு பெற்ற நாளில் இரும்பு அலமாரியின் சாவி, ஜிபிஎஸ் கருவி, பதினொரு ஆண்டு அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். பட்டியல் எங்கே என்று கேட்டேன். பெரட்டை மட்டும் விட்டுடாதீங்க என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன விடைபெறும் பொன்மொழி என்று நினைத்து, அன்று அவருக்குச் சரியாகக் கைகூடக் கொடுக்கவில்லை.

தானா ராத்தாவில் அவர் வீட்டு வாசலில் இறுதிச் சடங்கன்று நீங்கள் நிறையப் பேர் இருந்தீர்கள். தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். துரை வந்தார், கிராணி வந்தார், கம்போங் ராஜாவிலிருந்து அவரோடு வழக்காடிய இரண்டு பண்ணைக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். அவர்கள் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. சண்டைக்காரர்கள் என்றாலும் நேருக்கு நேர் போட்டவர்கள். ஆனால் புவானின் கடிதங்களை மூன்று வருடம் மேசைக்கடியில் வைத்திருந்த ஒரு பெரிய அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்து, அவர் இந்த மலையின் தாய் என்று தழுதழுத்தார். தாய் எழுதிய கடிதத்துக்கு ஒரு பதில் போட்டிருக்கலாமே என்று எழுந்து கேட்க வாய் வந்தது. எங்கள் டிரைவர் மாரி என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பெட்டி வாசலைத் தாண்டும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே கெடு இன்னும் நான்கு நாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் அவர்மேல் எனக்குக் கோபம்தான், என்னை இப்படி விட்டுவிட்டுப் போகிறாரே என்று.

மறுநாள் பெரட்டில் கேட்டேன். விண்ணப்பம் வந்த அன்றே ஒரு முறை கேட்டிருந்தேன், அப்போது எட்டுத் தலையும் இல்லை என்று ஆடின. இந்த முறை கெஞ்சுகிற குரலில் கேட்டேன். அந்தப் பள்ளத்து ஓடையில் புவான் யாரையாவது எப்போதாவது கூட்டிக்கொண்டு போயிருக்கிறாரா, எங்கேயாவது நின்று கல்லைப் பார்த்தாரா, எது தெரிந்தாலும் சொல்லுங்கள் என்றேன். பனி கலைந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்ற மாரி தொண்டையைச் செருமினார்.

"எனக்குத் தெரியும் பாய். புவான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்க. அவங்க இருக்கற வரைக்கும் வாக்கு. இப்ப யாருகிட்ட போய்க் கேக்கறது?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்றா சொன்னார் என்று கேட்டேன். மாரி தன் பூட்ஸைப் பார்த்தார்.

"யாருகிட்டயும்னு இல்ல. பாய்கிட்ட. பாய் நல்லவருதான், ஆனா தெரிஞ்சா எழுதிடுவாருன்னாங்க."

மற்ற ஏழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மாறாமல் ஏழு பேரும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆளுக்கு ஒரு ஓடை. ஒவ்வொருவரையும் தனித்தனியே கூட்டிப் போய் ஒரே ஒரு இடத்தைக் காட்டி, வாக்கு வாங்கியிருக்கிறார். காலையில் தெளிவு, கலங்கல் என்று அவர்கள் சொன்னதெல்லாம் அந்த இடங்களைத்தான். பதினொரு ஆண்டுகளாக முழுப் பட்டியலும் என் கண்ணெதிரே வரிசையில் நின்று நாள் தவறாமல் பேசியிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு நான் மணி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். துணை அதிகாரிக்கு மட்டும் ஓடை இல்லை. வண்டி ஓட்டுகிறவருக்கு உண்டு, எனக்கு இல்லை. அந்தக் காலை நேரத்தில் என்னைவிட அவமானப்பட்ட ஆள் இந்த மலையில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள். நின்றுகொண்டே இத்தனை பேரும் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள் என்று கத்திவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மாரி வந்து வண்டியை எடுத்தார். தேயிலைக்குள் விட்டு, கடைசித் திருப்பத்தில் நிறுத்தி, நான் மூன்று முறை தாண்டிப் போன ஒரு பாறைக்குப் பின்னால் இறங்கினார். நடுக்கிளைதான். பார்த்தால் தண்ணீர் அந்த இடத்தில் முடிந்துவிட்டதுபோல் தெரியும். குனிந்து புதரை விலக்கினால் உள்ளே ஒரு கட்டில் அகலத்துக்குச் சரளைக்கல், அதன்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர், அதில் விரல் நுனி அளவில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். நான் உட்கார்ந்துவிட்டேன். வாழ்நாளெல்லாம் மீன் வாழிடம் என்று எழுதியவன் நான், ஒன்றைக்கூட இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் எதையும் படம் எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன், எல்லாக் கோணத்திலும். இடக்குறிப்பைக் கடைசி எண் வரை எடுத்தேன். மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றே எழுதி அனுப்பினேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கெடு முடிந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது. சாலைக்கு வேறு வழி பார்க்கும்படி விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. பதினொரு ஆண்டில் எங்கள் குழு எழுத்தில் பெற்ற முதல் வெற்றி அது. அதைப் பெரட்டில் வாசித்தேன். யாரும் கைதட்டவில்லை. எனக்கும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் மாரி என்னை மறுபடியும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். பாறைக்குப் பின்னால் புதர் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு உடனடி மீ நூடுல்ஸ் பாக்கெட், சிக்கி அறுந்த தூண்டில் நரம்பு, நெருப்பு மூட்டிய கரி. எந்த மேசையிலிருந்து எந்த மச்சானுக்குப் போனதோ தெரியாது, கண்டுபிடிக்கவும் முடியாது. குஞ்சுகள் இருந்தன, ஆனால் குறைவு. மாரி குப்பையைப் பொறுக்கிப் பையில் போட்டார். சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருக்கலாம். இப்போது நாங்கள் இருவரும் முறை வைத்து அங்கே போய் நிற்கிறோம். எழுதாமல் இருந்திருந்தால் இந்நேரம் அந்தக் கல்மேல் லோரி ஓடிக்கொண்டிருக்கும். எழுதியதால் தூண்டில் வந்தது. புவான் இருந்தால் இதை மேசையில் போட்டு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். அதற்கு ஆள் இல்லாமல் போனதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

போன திங்கட்கிழமை பெரட்டு முடிந்தும் யாரும் கலையவில்லை. தங்களுக்குள் பேசி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. கலைவாணி, எங்கள் குழுவில் வயதில் சிறியவர், ஓரடி முன்னால் வந்தார். நான் கத்தியது அவர்களைச் சுட்டிருக்கிறது.

"பாய், நீங்கதான் இப்ப எங்க தலைவர். உங்களுக்குத் தெரியாம நாங்க வெச்சிருக்கறது சரியில்ல. ஆளாளுக்குச் சொல்லிடறோம். எழுதிக்குங்க."

என் கையில் நோட்டு இருந்தது. பேனாவும் இருந்தது. பதினொரு ஆண்டு நான் கேட்ட பட்டியல், மீதமுள்ள ஏழு ஓடைகளும், வரிசையாக நின்று வாயைத் திறக்கக் காத்திருந்தன. நாளைக்கு இன்னொரு விண்ணப்பம் வரும். இவர்களில் ஒருவர் வேலை மாறிப் போவார், ஒருவர் நோயில் விழுவார், அவர் ஓடையும் அவரோடு போகும். புவான் செய்தது தவறு, ஓர் அரசாங்கக் குழுவை இப்படி நடத்தக்கூடாது என்று இந்த நிமிடமும் சொல்வேன்.

ஆனால் அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கெடு வைத்து ஒரு காகிதம் வந்தால், அந்த ஓடையை மட்டும், அன்றைக்கு மட்டும் சொல்லுங்கள், அதுவரை எனக்குத் தெரியவேண்டாம் என்றேன். இங்கே இருந்து போகிறவர், போவதற்கு முன்னால் இந்த வரிசையில் இன்னொருவரைக் கூட்டிப் போய்க் காட்டிவிடவேண்டும், அது யார் என்றும் எனக்குச் சொல்லவேண்டாம் என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

புவானிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என்ன என்று கேட்டால், எனக்குத் தெரியாத ஏழு ஓடைகள். தினமும் காலையில் அவை தெளிவாக இருக்கின்றனவா என்று கேட்கிறேன்.